திக்ரான் என்னும் பெயர்

பிரான்சு தேசத்தின் வெர்செயில்ஸ் அரண்மனைத் தோட்டத்திலே, 14-ஆம் லூயி மன்னனின் காலத்தில் நிறுவப்பெற்ற சலவைக்கல் உருவங்களுள், லெஸ்பாஞாந்தெல் என்னும் சிற்பி வடித்த ஆர்மீனிய அரசன் திக்ரானின் சிலையும் ஒன்று. சிலையைக் காண்போர் பலர். அப்பெயரின் பூர்வ சரித்திரத்தை ஆராய்வோர் சிலரே.

கிரேக்கர் தம் மொழி மரபிற்கேற்பத் 'திக்ரானெஸ்' என வழங்கிய இப்பெயரின் வேர் பண்டை ஈரானிய மொழியைச் சார்ந்தது. 'திக்ர' என்றால் கூரியது. கூம்பிய நெடுங்குல்லாய் தரித்த சகரை பாரசீக மன்னன் டேரியஸின் சாசனங்கள் 'திக்ரகௌதா', அதாவது கூர்ங்குல்லாயர் என்று குறிப்பிடுகின்றன. பெஹிஸ்தூன் மலைப்பாறைச் சிற்பத்தில் பிணிக்கப்பட்டோர் வரிசையின் கடைசியில் நிற்கும் ஸ்குங்கா என்னும் சகர் தலைவனின் சிரசில் அக்குல்லாயை இன்றும் காணலாம். பாரசீகத்தில் அம்பைக் குறிக்கும் 'தீர்' என்பதும், வடமொழியில் 'திஜ்' என்னும் தாதுவிலிருந்து பிறந்து நம்மிடையே 'தீட்சண்யம்' என வழங்குவதும் இக்குடும்பத்துச் சொற்களே. அக்காத் மொழியில் 'இதிக்லத்' எனப்பட்ட நதியைப் பாரசீகர் தம் நாவுக்கிசையத் 'திக்ரா' ஆக்கினர், அதுவே டைகிரிஸ்.

கி.மு. 95 முதல் 55 வரை ஆண்ட இரண்டாம் திக்ரான், தான் நிர்மாணித்த தலைநகருக்குத் திக்ரானகெர்த் எனத் தன் பெயரையே இட்டான். ஈற்றிலுள்ள 'கெர்த்', 'செய்யப்பட்டது' என்னும் பொருளில் வடமொழிக் 'கிருத'த்தோடு உறவுடையது. அந்நகரை உரோமத் தளபதி லுக்குல்லஸ் கி.மு. 69-இல் வென்றான். மூன்றாண்டுகட்குப் பின் மற்றோர் உரோமத் தளபதியான பாம்பேயின் காலடியில் திக்ரான் தன் மகுடத்தைக் கழற்றி வைக்க, பாம்பே அதனை எடுத்து அவனுக்கே மீண்டும் சூட்டினான். கி.மு. 61-இல் உரோமின் வெற்றி ஊர்வலத்தில் கைதியாக நடத்திச் செல்லப்பட்டவன் திக்ரானுடைய மகனே. தந்தையோ அரசனாகவே மாண்டான்.

அவ்வரசனின் வெள்ளி நாணயங்களில், இரு கழுகுகளுக்கிடையே நட்சத்திரம் பொறித்த, உச்சியில் கூர்முனைகள் நிமிர்ந்த மகுடமும், தாடியற்ற முகமும் தெளிவாக விளங்குகின்றன. வெர்செயில்ஸ் சிற்பியோ அவனுக்குப் 17 நூற்றாண்டுகட்கு மேல் பிந்தியவன். ஆதலின் முகத்தை அறிய விழைவோர் சலவைக்கல்லை விடுத்து நாணயத்தையே பிரமாணமாகக் கொள்ளுதல் தகும். பெயருக்கோ அவ்விதச் சான்று வேண்டுவதில்லை. ஆர்மீனியர் தம் ஆண் மக்களுக்கு அதனை இன்றளவும் சூட்டி வருகின்றனர்.