இதயம் கடிகாரம் அல்ல



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் பெங்களூரிலிருந்து போன் செய்தார். "சார், ஆபீஸ்ல டென்ஷன் அதிகமான நாள்ல என் வாட்ச்ல எச்.ஆர்.வி.ன்னு ஒரு நம்பர் குறைஞ்சிடுது. பயமா இருக்கு" என்றார். அது என்னவென்று எனக்கும் தெரியாது. இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. அதனால் இந்தப் பதிவு. சற்று நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாடி நிமிடத்துக்கு 60 என்றால் நொடிக்கு ஒரு துடிப்பு என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அது சராசரிதான். நல்ல இதயத்தில் ஒரு இடைவெளி 0.95 நொடி, அடுத்தது 1.04 நொடி என மாறிக்கொண்டே இருக்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் அளவுதான் எச்.ஆர்.வி.

இதைக் கண்டுபிடித்த கதை பழையது. இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார், குதிரையின் ரத்தக்குழாயில் பித்தளைக் குழாயைச் செருகி, கண்ணாடிக் குழாயில் ரத்தம் 8 அடிக்கு மேல் ஏறுவதைப் பார்த்தார். மூச்சோடு அந்த அழுத்தம் ஏறி இறங்குவதையும் கவனித்து 1733இல் நூலாக வெளியிட்டார். 1845இல் ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள், மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பைத் தூண்டினால் துடிப்பு மெதுவாகிறது என்று காட்டினார்கள். சைக்கிளுக்கு பிரேக் மாதிரி. 1847இல் கார்ல் லுட்விக், சுழலும் உருளையில் கோடு வரையும் கருவியைச் செய்து, மூச்சை இழுக்கும்போது துடிப்பு விரைவதையும் விடும்போது தணிவதையும் பதிவு செய்தார். மூச்சை இழுக்கையில் பிரேக் தளர்கிறது, விடுகையில் பிடிக்கிறது.

மனதுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? 1963இல் நெதர்லாந்தின் கால்ஸ்பீக், எட்டெமா என்ற இருவர், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சிறு வேலையை ஆட்களுக்குக் கொடுத்தார்கள். மனச்சுமை ஏற ஏற, இதயத்தின் ஏற்ற இறக்கம் குறைந்து துடிப்பு சீரானது. உட்கார்ந்த இடத்தில் யோசித்தாலே இதயம் கடிகாரம் போல ஆகிவிடுகிறது!

1978இல் மெல்போர்ன் மருத்துவர்கள் மாரடைப்பு வந்த 176 பேரைக் கவனித்தார்கள். துடிப்பில் மாற்றம் இருந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. 1987இல் அமெரிக்காவில் கிளைகரும் உடனிருந்தோரும் மாரடைப்பிலிருந்து மீண்ட 808 பேரின் 24 மணி நேரப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஏற்ற இறக்கம் 50 மில்லி நொடிக்குக் குறைவாக இருந்தவர்களுக்கு, 100க்கு மேல் இருந்தவர்களைவிட இறப்பு அபாயம் 5.3 மடங்கு.

உடனே பயப்பட வேண்டாம். அவர்கள் மாரடைப்பு நோயாளிகள். வாட்ச் காட்டும் எண் வேறு வகைக் கணக்கு. வயது ஏறினாலும் அது குறையும். கணக்குப் போட்டதால் யாருக்கும் இதயம் கெடாது. வேலை முடிந்து ஓய்ந்தால் பிரேக் திரும்பப் பிடித்துக்கொள்ளும். இரவும் பகலும் அது பிடிக்கவே வழியில்லாமல் வாழ்வதுதான் கவலைக்குரியது.

இனி என் வகுப்பறைக்கு வருகிறேன். ஐந்தாம் வகுப்பில் மனக்கணக்குக்கு ஒவ்வொருவராக எழுப்பிவிடுவேன். கையில் பிரம்பு இருக்கும். பத்து எண்ணுவதற்குள் விடை வராவிட்டால் மணி அடிக்கும்வரை நிற்க வேண்டும். வகுப்பு அமைதியாக இருந்ததைக் கவனம் என்று நினைத்தேன். ஒரு பையன் பரீட்சையில் எல்லாக் கணக்கையும் சரியாகப் போடுவான். எழுப்பினால் மட்டும் வாய் திறக்க மாட்டான். "மக்கு" என்று பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அவனுக்கு நான் கொடுத்தது ஒரு கணக்கு அல்ல, இரண்டு சுமை. கணக்கை அவன் ஒரு நொடியில் முடித்திருப்பான். என்னைப் பற்றிய பயத்தைத்தான் மணி அடிக்கும்வரை சுமந்தான். தம்பி, இதைப் படித்தால் இந்த வாத்தியாரை மன்னித்துவிடு. உன்னைப் போல நின்ற மற்றவர்களும்தான்.

பெங்களூர் தம்பிக்கு: வாட்ச்சை அடிக்கடி பார்க்காதே. வேலை முடிந்ததும் சற்று நட, நிதானமாக மூச்சு விடு, நேரத்தோடு தூங்கு. நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் உடனே டாக்டரிடம் போ. உன் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பத்து எண்ணாதே.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்