எம்ப்ளாய்மென்ட் கார்டு பிறந்த கதை

அந்தக் காலத்து மெட்ராஸ் ஆலைகளில் ஆள் எடுத்தவர் முதலாளி அல்ல, மேஸ்திரி. சேரும்போது அவருக்கு மாமூல். சேர்ந்த வேலை நிலைக்க மறுபடியும் மாமூல். 1929-இல் அமைந்த விட்லி கமிஷன் இதை விசாரித்து, ஆள் எடுக்கும் அதிகாரத்தை லேபர் ஆபீசரிடம் கொடுக்கும்படி 1931 அறிக்கையில் சொன்னது.

எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் பிறந்ததோ பட்டாளத்துக்காரர்களுக்காக. 1945-இல் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித் தரத் திறந்தார்கள். அடுத்து பிரிவினை அகதிகள் வந்தார்கள். 1948-இல்தான் எல்லோருக்கும் கதவு திறந்தது. அசோக் மோட்டார்ஸ் தொடங்கியதும் அதே ஆண்டு. மறுவருடம் எண்ணூர் ஆலையில் ஆஸ்டின் கார் பூட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஆலையும் ஆளும் மேஸ்திரி இல்லாமல் சந்திக்க வழி பிறந்ததாகத்தான் தோன்றியது.

1959-இல் சட்டமும் வந்தது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் காலியிடத்தை எம்ப்ளாய்மென்ட் ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. தெரிவித்தால் போதும், அங்கிருந்துதான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, 4-ஆம் பிரிவே அப்படிச் சொன்னது. மாதம் 60 ரூபாய்க்குக் குறைந்த சம்பளமா, மூன்று மாதத்துக்குள் முடிகிற வேலையா, ஆபீஸ் பியூனா, வாட்ச்மேனா, துப்புரவாளரா? சட்டம் பொருந்தவில்லை. யாருக்குச் சிபாரிசு செய்ய நாதியில்லையோ, அவர்களையே வெளியே நிறுத்திவிட்டார்கள்.

அரசு வேலையில் மட்டும், எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்து வாங்கிய கார்டுக்கு மவுசு. பதிந்த தேதிதான் சீனியாரிட்டி. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறினால் அதுவும் போச்சு. மாமூலாலும் சிபாரிசாலும் தேதியைத் திருத்த முடியாது என்பது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் யாருக்கு வெல்டிங் நன்றாக வரும் என்பதைத் தேதி சொல்லாதே! 1996-இல் உச்ச நீதிமன்றம், எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் பட்டியல் மட்டும் போதாது, பத்திரிகையிலும் விளம்பரம் செய்யுங்கள் என்றது.

இன்று எண்ணூரில் ஐடிஐ முடித்த பையன் வேலை கேட்டால், "கான்ட்ராக்டரைப் பாரு" என்பார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970-இல் வந்தது. மேஸ்திரிக்கு லைசென்ஸ் கிடைத்ததாகவே எனக்குப் படுகிறது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு எம்ப்ளாய்மென்ட் ஆபீசுக்கு 'கேரியர் சென்டர்' என்று பெயர் மாற்றி, 25 பேரை 20 ஆகவும் குறைத்தது. எடுத்தே ஆகவேண்டிய கட்டாயம் இல்லை என்ற அந்த வரியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டது.