டீகப் பொமரேனியன்: உள்ளங்கை அளவுக்கு நாய் சிறுத்த கதை

நேயர்கள் அனுப்பின கேள்விகள்ல ஒன்றை எடுத்துப் பேசப்போற எபிசோட் இது. தேவாரத்துல இருந்து ஒருத்தர் கேட்டிருக்கார்: "டீகப் பொமரேனியன்னு ஒரு குட்டி விலைக்கு வருது. வளர்ந்தாலும் ஒரு கிலோவுக்கு மேல போகாதாம். மகள் ஆசைப்படுறா. வாங்கலாமா?"

இதுக்கு நேரா பதில் சொல்லிடலாம். ஆனா, அந்த நாய் எப்படி இவ்வளவு சின்னதாச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா, பதில் உங்களுக்கே கிடைச்சிடும்.

பொமரேனியாங்கிறது பால்டிக் கடலோரத்துல, இன்றைய ஜெர்மனிக்கும் போலந்துக்கும் நடுவுல பரவியிருக்கிற ஒரு பகுதி. அந்தப் பக்கத்து ஸ்பிட்ஸ் நாய்கள் இரண்டு, 1767-ல சார்லட் ராணி மூலமா இங்கிலாந்துக்குப் போச்சு. அந்தக் காலத்துல தாமஸ் கெய்ன்ஸ்பரோ வரைஞ்ச பொமரேனியன் ஓவியத்தைப் பாருங்க. மடியில வச்சுக் கொஞ்சுற நாய் இல்ல அது. நம்ம தெருநாய் மாதிரி வளர்ந்த நாய்.

1888-ல விக்டோரியா ராணி இத்தாலியில ஃப்ளோரன்ஸ் போனப்போ மார்கோன்னு ஒரு பொமரேனியனை வாங்கினாங்க. அதோட எடை 12 பவுண்டு, அதாவது ஐந்தரை கிலோ. 1891-ல க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சிக்கு ராணியோட பொமரேனியன்கள் வந்ததும், சின்ன பொமரேனியன்தான் கௌரவம்னு ஆயிடுச்சு. வளர்க்கிறவங்க ஒவ்வொரு ஈத்திலயும் சின்னதாப் பார்த்து இனத்துக்கு நிறுத்தினாங்க. இன்றைக்கு அமெரிக்கன் கென்னல் கிளப் சொல்ற எடை 3 முதல் 7 பவுண்டு. கிலோவுல சொன்னா, ஏறக்குறைய 1.4 முதல் 3.2 வரை.

இங்கே ஒரு விஷயத்தை நியாயமா சொல்லணும். சின்னதா இருக்கிறதே நோய் இல்ல. ஐஜிஎஃப்-1ங்கிற வளர்ச்சி மரபணுவுல இருக்கிற வேறுபாடு நாயோட அளவைப் பெரிய அளவுல தீர்மானிக்குதுன்னு 2007-ல கண்டுபிடிச்சாங்க. சின்ன உடம்போட தொடர்புள்ள மரபணு வடிவம், சைபீரியாவுல கிடைச்ச 54,000 வருஷப் பழைய ஓநாய் எலும்புலயே இருந்ததா 2022-ல தெரிய வந்துச்சு. அதனால இரண்டரை கிலோ பொமரேனியன் நல்லா ஆரோக்கியமா, பத்துப் பன்னிரண்டு வருஷம் தாராளமா வாழும்.

டீகப் கதை வேற. அது ஒரு இனமே இல்ல, விக்கிறவங்க வச்ச பேர். எந்தப் பெரிய கென்னல் கிளப்பும் அப்படி ஒரு வகையை ஏத்துக்கல. அந்தக் குட்டி மூணு வழியில வரலாம். ரொம்பச் சின்ன நாய் இரண்டைச் சேர்க்கிறது ஒண்ணு. ஈத்துல சவலையாப் போனதைத் தனியா விலை ஏத்தி விக்கிறது இன்னொண்ணு. மூணாவது, பால் மறக்காத குட்டியைத் தாய்கிட்ட இருந்து பிரிச்சு, "ரெண்டு மாசம் ஆச்சு, அளவே இவ்வளவுதான்"னு சொல்றது.

அவ்வளவு சின்ன உடம்புல சர்க்கரையைச் சேர்த்து வைக்க இடம் கம்மி. சில மணி நேரம் தீனி தவறினாலே நடுக்கம், வலிப்பு, மயக்கம் வரலாம். உச்சிக்குழி மூடாமலே இருக்கலாம், மூளையில நீர் கோக்கலாம், முழங்கால் சில்லு விலகலாம். சோபாவுல இருந்து குதிச்சாக்கூட கால் முறியும். பெண் நாயா இருந்து சினை பிடிச்சா, ஆபரேஷன் இல்லாம ஈன முடியாமப் போகலாம்.

இப்போ நம்ம பக்கத்துக்கு வருவோம். தேவாரத்துல இருந்து பண்ணைப்புரம் தாண்டினா கோம்பை. செம்பழுப்பு உடம்பும் கருத்த முகவாயுமா கோம்பை நாய்க்குப் பேரெடுத்த ஊர். காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் எது தாங்குச்சோ, அதைத்தான் அங்கே இனத்துக்கு வச்சாங்க. டீகப்புல ஆளைச் சுண்டி இழுக்கிற போட்டோதான் இனத்துக்கு நிறுத்துது. தாங்குமாங்கிற கேள்வியையே யாரும் கேட்கிறதில்ல.

இன்னொண்ணு. நம்ம தெருக்கள்ல பொமரேனியன்னு கூப்பிட்ட வெள்ளை நாய்ல பெரும்பாலானது இந்தியன் ஸ்பிட்ஸ். 1994-ல வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்துல டஃபியா நடிச்சதும் அந்த வகைதான். நம்ம வெயிலுக்குப் பழகின நாய்.

சரி, வாங்கலாமா? ஒரு கிலோதான் இருக்கும்னு உறுதி கொடுக்கிற குட்டி வேண்டாம். ரெண்டு மாசக் குட்டியோட கடைசி எடையை யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. சின்ன நாய்தான் வேணும்னா, தாயைக் கண்ணால பாருங்க, எடை போடச் சொல்லுங்க. குட்டியோட வாயைத் திறந்து பால்பல் முளைச்சிருக்கான்னு பாருங்க. 2017 மத்திய அரசு விதிப்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கக் கூடாது. வளர்த்து விக்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும். அந்தப் பதிவைக் கேளுங்க.

கடைசியா உங்க வீட்டு நேரத்தைப் பாருங்க. விடியக்காலம் ஜீப்புல ஏலத்தோட்டத்துக்குப் போய் பொழுது சாயத் திரும்புற வீடுகள் நம்ம பக்கம் நிறைய. பகல்ல பூட்டிக் கிடக்கிற வீட்டுல, மூணு மணிக்கொரு தடவை தீனி கேட்கிற குட்டிக்கு யார் ஊட்டுவாங்க? அதுக்கு ஆள் இல்லைன்னா மகள்கிட்ட இந்தக் காரணத்தை அப்படியே சொல்லுங்க. குழந்தைகளுக்கு இது புரியும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.