இறால் வழக்கு: கேட்டதும் கேளாததும்

சங்கப் பாக்களில் ‘இறவு’ என்னும் பெயரோடு நெய்தற் கருப்பொருளாக வரும் இறால், 1990களில் நாகைக் கடற்கரையில் ஒரு பெரும் வழக்கின் பொருளாயிற்று. அவ்வழக்கு எதனைக் கேட்டது, எதனைக் கேளாது விட்டது என்பதை இக்கட்டுரை நோக்குகிறது.

கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் (1968) பின் நாகை வட்டாரத்தில் நிலமற்றோர்க்காக உழைத்த சர்வோதயத் தொண்டர்களான எஸ். ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் இணையர், நெல்வயல்கள் இறால் குளங்களாக மாறக் கண்டனர். உப்புநீர் தேங்கியமையால் அண்டை வயல்கள் உவர்ந்தன. குடிநீர்க் கிணறுகள் கரித்தன. குளத்துக்குக் காவலாள் சிலரே போதும். நாற்று நட்ட கைகளுக்கு வேலையில்லை. எண்பது அகவையை ஒட்டிய ஜெகந்நாதன் 1994இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார்.

நீதியரசர்கள் குல்தீப் சிங், சாகிர் அகமது ஆகியோர் 11.12.1996 அன்று தீர்ப்பளித்தனர். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துள் மரபுவழிப் பண்ணைகள் நீங்கலான இறால் பண்ணைகள் 31.3.1997க்குள் அகற்றப்படவேண்டும், மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்றது தீர்ப்பு. ஆனால் மறுஆய்வு மனுக்களையடுத்து இடிப்பு நிறுத்திவைக்கப்பட்டது. 2005இல் இயற்றப்பட்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், மண்டலத் தடையிலிருந்து இத்தொழிலுக்கு விலக்களித்தது. அதுவும் மண்டல அறிவிக்கை வெளியான 19.2.1991 முதலே. வென்ற வழக்கொன்று இவ்வாறு முன்தேதியிட்டுத் தோற்கடிக்கப்பட்டமை ஊன்றி நோக்கத்தக்கது.

வழக்கில் நிலமும் நீரும் உழவரும் பேசப்பட்டமை முறையே. இறாலோ விளைபொருளாகவே நின்றது. குஞ்சுப் பொரிப்பகங்களில் தாய் இறாலின் கண்காம்புகளுள் ஒன்றை வெட்டியோ நசுக்கியோ நீக்குவது வழக்கம். முட்டை முதிர்வைத் தடுக்கும் சுரப்பு அக்காம்பில் உள்ளமையால், நீக்கிய சில நாள்களில் சினை முற்றும்.

வளர்ப்பினால் கடலுக்கு ஓய்வு கிடைக்கும் என்னும் வாதமும் அரைகுறையானதே. அன்று புலி இறாலின் தாயைக் கடலிலேதான் பிடித்தனர். 2009 முதல் வனாமித் தாய் இறால்கள் அயல்நாட்டிலிருந்து வருகின்றன எனினும், தீவனத்தில் சேரும் மீன்தூள் கடலின் சிறுமீன்களிலிருந்தே கிடைக்கிறது. (கடலில்லாப் பெங்களூரின் ரசல் சந்தையில் இறால் வாங்கும் நம்மவருள், அது வலையில் வந்ததா குளத்தில் வந்ததா என வினவுவோர் அரியர்.)

பிரிட்டன் 2022இல் இயற்றிய சட்டத்தால் இறால், நண்டு முதலியவற்றை உணர்வுடைய விலங்குகளாக ஏற்றது. இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமோ மனிதரல்லாத எவ்வுயிரையும் விலங்கென்றே வரையறுக்கிறது. இறாலும் அதனுள் அடங்கும். ஜெகந்நாதன் வழக்கு நிலத்துக்கும் நீருக்குமான சட்டங்களின்மேல் நடந்ததேயன்றி, இச்சட்டத்தின்மேல் நடக்கவில்லை.