விற்கக் கூடாது... மாத்திக்கலாம்! உள்ளங்கை சைஸ் ஆர்ட் கார்டு செய்வது எப்படி?

ஸ்கூல் இன்டர்வெல்ல டிரம்ப் கார்டு மாத்தின ஞாபகம் இருக்கா? "என்கிட்ட அண்டர்டேக்கர் ரெண்டு இருக்குடா, ஒண்ணு நீ எடுத்துக்கோ, ராக்கை எனக்குக் கொடு"னு பேரம் பேசினவங்கதானே நாம! அதே விளையாட்டு, ஆனா கார்டை நீங்களே வரையணும்னா எப்படி இருக்கும்? அதுக்குப் பேர்தான் 'ஆர்ட்டிஸ்ட் டிரேடிங் கார்டு'. சுருக்கமா ஏடிசி.

எங்கே ஆரம்பிச்சது?

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்துல வென்சி ஸ்டிர்னெமான்னு ஓர் ஓவியர். 1997-ல் தன்னோட பழைய புத்தகக் கடையில, தானே செய்த 1,200 குட்டி கார்டுகளைக் கண்காட்சியா வெச்சார். பார்த்தவங்களுக்கு ஆசை வராம இருக்குமா? 'கார்டு வேணும்னா காசு வேணாம், நீங்க ஒரு கார்டு செஞ்சு கொண்டு வாங்க'ன்னுட்டார். கண்காட்சியின் கடைசி நாள், கார்டு மாத்துற நாளா மாறிடுச்சு. அதே வருஷம் டான் மேபி என்ற ஓவியர் மூலமா கனடாவின் கால்கரி நகரத்துக்கும் இந்தப் பழக்கம் போச்சு. அங்கிருந்து தபால் வழியா, இன்டர்நெட் வழியா உலகம் முழுக்கப் பரவிடுச்சு.

ரூல்ஸ் ரெண்டே ரெண்டுதான்!

1. சைஸ் 2.5 x 3.5 இன்ச். அதாவது 64 x 89 மில்லிமீட்டர். சீட்டுக்கட்டு சைஸ்னு வெச்சுக்கோங்க.

2. விற்கக் கூடாது. மாத்திக்க மட்டும்தான்.

ரெண்டாவது ரூல்தான் இதுக்கு உயிர். 2004-வாக்கில் இதே சைஸ் கார்டுகளை இ-பே தளத்துல விற்க ஆரம்பிச்சாங்க. அதுக்கு 'ஏசிஇஓ'ன்னு வேற பேரே வெச்சுட்டாங்க. ஏன் இவ்ளோ கறார்? விலைன்னு வந்துட்டா, நல்லா வரையறவங்க கார்டுதான் போகும். மாத்திக்கிறதுன்னா, 20 வருஷமா வரையறவரும் நேத்து பிரஷ் பிடிச்சவரும் ஆளுக்கொரு கார்டோட எதிரெதிரே உட்காரலாம். "சூப்பரா இருக்கே, இதை இன்ஸ்டால வித்துடலாமே"ன்னு யாரும் அட்வைஸ் பண்ணவும் முடியாது!

எப்படிச் செய்றது?

ஓர் ஏ4 டிராயிங் ஷீட்டை ஸ்கேல் வெச்சு அளந்து வெட்டினா 9 கார்டு கிடைக்கும். 300 ஜிஎஸ்எம் பேப்பர்னா வாட்டர் கலர் அடிச்சாலும் அவ்வளவா சுருளாது. வாங்கக் காசில்லையா? வீட்டுல குவிஞ்சு கிடக்கிற பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டுங்க. (சாமி படம் போட்ட பக்கத்தை மட்டும் விட்டுடுங்க, அம்மா திட்டுவாங்க!)

வரையத் தெரியணும்னு அவசியமே இல்ல. பழைய பஸ் டிக்கெட், துணித் துண்டு, மிட்டாய் கவர், ஸ்டாம்ப்... எதை வேணா ஒட்டலாம். முடிச்சூர் தாண்டி படப்பைக்கு பஸ்ல வரும்போது ஜன்னல் வழியா என்ன தெரியுதோ, அதுவே ஒரு கார்டுதான்.

பின்பக்கம் உங்க பேர், தேதி, கார்டுக்கு ஒரு தலைப்பு எழுதுங்க. ஒரே டிசைன்ல 8 கார்டு செஞ்சா 1/8, 2/8ன்னு நம்பர் போடுங்க. ஒண்ணே ஒண்ணுதான்னா அது 'ஒரிஜினல்'.

யார்கூட மாத்திக்கிறது?

ஆர்ட் கேலரி தேடி சிட்டிக்குள்ள அலைய வேணாம். நாலு ஃபிரெண்ட்ஸ், ஒரு டீக்கடை பெஞ்ச் போதும். ஆளுக்கு 4 கார்டு செஞ்சு எடுத்துட்டு வாங்க. ஒண்ணை ஞாபகத்துக்கு வெச்சுக்கிட்டு மீதி மூணை மாத்திக்கிட்டா, மூணு பேரோட கையெழுத்தும் உங்க வீட்டுக்கு வந்துடும்.

வெளியூர் நண்பருக்குன்னா தபால் இருக்கவே இருக்கு. 300 ஜிஎஸ்எம் கார்டு ஒண்ணு 2 கிராம்கூட வராது. மூணு கார்டு போட்டாலும் கவரோட சேர்த்து 20 கிராமுக்குள்ளதான். 5 ரூபாய் ஸ்டாம்ப் போதும். கசங்காம இருக்க உள்ளே ஓர் அட்டை வைங்க. ஆன்லைன்ல மட்டுமே பழகினவங்கன்னா, வீட்டு அட்ரஸையோ போன் நம்பரையோ அவசரப்பட்டுக் கொடுக்காதீங்க.

நம்ம வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுப்பாருங்க. பொங்கலுக்கு வாழ்த்து அட்டை அனுப்பின காலம் அவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். கையால கரும்பும் பானையும் வரைஞ்சு அனுப்பினவங்களும் உண்டு. சிலர் வீட்டு பீரோவுல இன்னமும் அது பத்திரமா இருக்கும்.

'எனக்கு டிராயிங் வராது'ன்னு ஏழாங்கிளாஸ்லயே பிரஷ்ஷைக் கீழே வெச்சவங்க நம்மள்ல நிறைய பேர். பெரிய கேன்வாஸைப் பார்த்தாதான் பயம் வரும். உள்ளங்கை அளவு இடத்தைப் பார்த்து என்ன பயம்? இந்த ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு கார்டு செஞ்சு பாருங்க. சுமாரா வந்தாலும் பரவாயில்ல... அதை வாங்கிக்கிட்டு, பதிலுக்கு ஒண்ணு கொடுக்க ஓர் ஆள் இருப்பாங்க!