வேற்றுமையை எழுதிவைத்த உடன்பாடு: ஷங்ஹாய்க் கூட்டறிக்கை, 1972

பகைமை கொண்ட இரு வல்லரசுகள் உறவை நாடுவது நட்பின் பொருட்டன்று. தத்தம் தேவையின் பொருட்டேயாம். அத்தேவைகள் வேறுபட்டனவாயின் அவற்றைக் கொண்டு உறவொன்றைக் கட்டியெழுப்ப இயலுமா? ஐக்கிய அமெரிக்காவும் மக்கள் சீனமும் 1972ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஷங்ஹாய்க் கூட்டறிக்கை இவ்வினாவுக்குத் தக்கதொரு விடையாக அமைகின்றது.

1949இல் மக்கள் சீனக் குடியரசு நிறுவப்பட்டபோது அமெரிக்கா அதனை அங்கீகரிக்கவில்லை. தாய்வானிற் புகலடைந்த சியாங் கை-ஷேக்கின் அரசினையே சீனத்தின் அரசெனக் கொண்டது. 1950இற் கொரியப் போர்க்களத்தில் இருநாட்டுப் படைகளும் நேருக்குநேர் பொருதின. 1955 முதல் ஜெனீவாவிலும் பின்னர் வார்சோவிலும் தூதுவர் மட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்ட சந்திப்புக்கள் நிகழ்ந்தன. எனினும் தாய்வான் பிரச்சினை மீண்டும் மீண்டும் குறுக்கே நின்றமையால் அவற்றால் விளைந்த பயன் சிறிதே.

1969 மார்ச்சில் உசூரி ஆற்றுத் தீவொன்றிலே சீன, சோவியத் படைகள் மோதியமை நிலைமையை மாற்றியது. வடக்கெல்லை அச்சமே சீனத்தின் தலையாய கவலையாயிற்று. அமெரிக்காவோ வியட்நாம் போரிலிருந்து விடுபட வழிதேடியது; சோவியத் ஒன்றியத்தோடு பேரம் பேசுதற்கும் சீன உறவு துணையாகுமென எண்ணியது. இவ்வாறு நோக்கங்கள் வேறாயினும் பாதை ஒன்றாயிற்று.

1971 ஏப்ரலில் அமெரிக்க மேசைப்பந்தாட்டக் குழுவொன்று சீனத்துக்கு அழைக்கப்பட்டது. யூலையில் கிசிங்கர் பாக்கிஸ்தான் வழியாக இரகசியமாகப் பீக்கிங் சென்றார். ஒக்டோபரில் அவர் மீண்டும் கொண்டுசென்ற வரைவு, இராசதந்திர வழக்கப்படி, வேற்றுமைகளை இன்சொற்களால் மூடியிருந்தது. பிரதமர் சூ என்-லாய் அதனை ஏற்கவில்லை. இருதரப்பும் தத்தம் கொள்கையை ஒளிவுமறைவின்றிக் கூறுதல் வேண்டும்; ஒத்த கருத்துக்களை அதன்பின்னர் கூறலாம் என்றார். கிசிங்கரும் இறுதியில் இதற்கு இணங்கினார்.

ஜனாதிபதி நிக்சனின் பயண முடிவில் வெளியான அறிக்கை அவ்வாறே அமைந்தது. ஆசியாவில் மேலாதிக்கத்தை இருநாடுகளும் நாடா என்பது பொதுக்கூற்று. தாய்வான் தனது மாகாணம் எனச் சீனம் எழுதியது. நீரிணையின் இருமருங்கிலுமுள்ள சீனர் யாவரும் சீனம் ஒன்றே எனக் கொள்வதைத் தான் அறிந்துள்ளதாகவும் அதனை எதிர்க்கவில்லையெனவும் அமெரிக்கா எழுதியது. தானும் அவ்வாறே கொள்வதாக அது கூறவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது.

விளைவுகள் யாவை? 1972 மே மாதத்தில் மொஸ்கோவில் படைக்கலக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 1979 சனவரி முதலாந் திகதி அமெரிக்காவும் சீனமும் முழுமையான இராசதந்திர உறவு கொண்டன. ஆயின் வியட்நாம் குறித்த அமெரிக்க எதிர்பார்ப்பு கைகூடவில்லை. கூட்டறிக்கை வெளியாகி ஐந்து வாரம் கழியுமுன்னரே வடவியட்நாம் பெருந்தாக்குதல் ஒன்றைத் தொடங்கிற்று. தாய்வான் மக்களோ தம் எதிர்காலம் பேசப்பட்ட மேசையில் இடம்பெறவேயில்லை. அப்பிரச்சினை இன்றும் தீர்ந்தபாடில்லை.

எனவே ஷங்ஹாய் அறிக்கையைத் தீர்வெனக் கொள்வதிலும் நேர்மையான ஒத்திவைப்பு எனக் கொள்வதே பொருந்தும். மறைக்கப்பட்ட வேற்றுமை பின்னர் வஞ்சனையாகத் தோன்றும்; எழுதிவைக்கப்பட்ட வேற்றுமையோ இருவரும் அறிந்த எல்லைக்கல்லாய் நிற்கும். அந்த எல்லைக்கல் இரு வல்லரசுகளுக்கிடையே போரைத் தவிர்க்கத் துணைநின்றது. அதற்கான விலையின் ஒரு பகுதியை மேசையில் அமராதவர் செலுத்தினர் என்பதையும் வரலாற்று மாணவர் மறத்தலாகாது.