பார்த்திவபுரம் செப்பேடும் ஆய்விதழ்களும்: அச்சிலிருந்து சமூக ஊடகம் வரை

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்துடன் இணைந்தது. அதற்கு முன் இப்பகுதி திருவிதாங்கூரைச் சார்ந்திருந்ததால், நாஞ்சில் நாட்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் பற்றிய கல்வெட்டு ஆய்வுகளில் பல, திருவனந்தபுரத்திலிருந்து ஆங்கிலத்தில் வெளிவந்தன. அவற்றைப் படித்தவர்கள் மிகச் சிலரே.

அன்று ஓர் ஆய்வு பலரை அடைய மறுபதிப்பே வழியாக இருந்தது. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) தென் திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளையும் ஆராய்ந்தவர். திருஞானசம்பந்தர் காலம் பற்றிய அவரது கட்டுரை முதலில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் வந்தது; பின்னர் ‘இந்தியன் ஆன்டிக்குவரி’ அதை வெளியிட்டது. அவர் மறைந்த பிறகு, 1909-இல் ‘தமிழியன் ஆன்டிக்குவரி’ மீண்டும் அச்சிட்டது. ஒவ்வொரு முறையும் ஆசிரியர் பெயரும் சான்றுகளும் கட்டுரையோடு சேர்ந்தே சென்றன.

சமூக ஊடகம் இந்த வழக்கத்தை மாற்றியது. குமரி மாவட்டத்தின் மேற்கே உள்ள பார்த்திவபுரத்தின் செப்பேடு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் அங்கு விஷ்ணு கோயிலையும், காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்ட ஒரு சாலையையும் நிறுவியதை அது கூறுகிறது. தொல்லியல் துறைக் கண்காணிப்பாளர் து. அ. கோபிநாத ராவ் அதைத் ‘திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசை’யின் முதல் தொகுதியில் பதிப்பித்தார். பல்லாண்டுகள் நூலகங்களில் மட்டும் கிடைத்த அத்தொகுதியை இன்று இணைய ஆவணகத்தில் எவரும் இலவசமாகப் படிக்கலாம்.

காந்தளூர்ச் சாலை ‘தென்னாட்டு நாளந்தா’ என்ற பெயரில் இன்று பரவலாகப் பகிரப்படுகிறது. ஆனால் பார்த்திவபுரம் சாலையில் இருந்தவை 95 இடங்கள் மட்டுமே. அவை பவிழிய சரணத்தாருக்கு 45, தைத்திரிய சரணத்தாருக்கு 36, தலவகார சரணத்தாருக்கு 14 எனப் பிரிக்கப்பட்டிருந்தன. அதாவது வேதக் கிளைகளைச் சேர்ந்தவர்களுக்கு உரியவை. அங்கே யாருக்குக் கல்வி கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற கேள்விக்கு இந்த எண்கள் விடை தருகின்றன. பெருமைச் சொல் மட்டும் பரவும்போது அந்த விடை மறைந்துவிடுகிறது.

உலக அளவிலும் இதே சிக்கல் உண்டு. ஆய்வுகள் இணையத்தில் எவ்வளவு பேசப்படுகின்றன என்பதை அளக்கும் ‘ஆல்ட்மெட்ரிக்ஸ்’ என்ற சொல் 2010-இல் அறிமுகமானது. அதிகம் ட்வீட் செய்யப்பட்ட கட்டுரைகள் பின்னர் அதிகம் மேற்கோள் காட்டப்படுகின்றன என்று மருத்துவ இணைய இதழ் ஒன்றைக் கொண்டு 2011-இல் குந்தர் ஐசன்பாக் காட்டினார். ஆனால் 2024-இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வெளியான கட்டுப்படுத்தப்பட்ட சோதனை ஒன்று, ட்வீட் செய்வதால் மேற்கோள்கள் குறிப்பிடத்தக்க அளவில் உயர்ந்ததாகக் காணவில்லை. பலர் கண்ணில் படுவது வேறு, படிக்கப்படுவது வேறு.

எனவே வரலாற்றுச் செய்தியைப் பகிரும் மாணவர் இதழின் பெயர், தொகுதி, ஆண்டு, பக்கம், இணைப்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பகிர்வது நல்லது. அந்த ஒரு வரி இருந்தால்தான், வியந்து படிப்பவர் மூலச் செப்பேடு வரை சென்று சரிபார்க்க முடியும்.